பதினான்கு நெற்றிகள்

ரூத்தா குனிந்து அம்மா ஓனாவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிரும்போது உதட்டில் ஏதோ பிசுபிசுத்தது. கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தாள். தோல் நிறத்தில் மெழுகு.

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் நகரவில்லை. இடது புருவத்துக்கு மேலே தொடங்கி நெற்றிப்பொட்டு வரைக்கும் சாய்வாக இறங்கும் தழும்பு அங்கே இல்லை. முப்பத்தொரு வருஷம் அம்மாவின் முகத்தில் இருந்தது. முந்தாநாள் காலை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றபோதும் இருந்தது. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு பிரானாஸ் தன் சவ அடக்க நிலையத்தின் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தபோது அந்த இடம் புதுச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

"தூங்கற மாதிரியே இருக்கா பாரு ஓனா," என்றாள் பின்னால் நின்ற எதிர்வீட்டு மரியோனா. "முகத்துல ஒரு சுருக்கம் உண்டா!"

தம்பி வித்தாஸின் காதில் அது விழுந்துவிட்டது. கார் விற்கிறவன், பாராட்டு எந்த மூலையில் கேட்டாலும் அங்கே வந்துவிடுவான்.

"அப்பா அம்மா கல்யாணப் போட்டோவை நான்தான் குடுத்தேன். இந்த மாதிரி பண்ணிக் குடுங்கன்னு பிரானாஸ் அண்ணன்கிட்ட சொன்னேன். நல்லா வந்திருக்குல்லக்கா?"

"அறுபத்தேழு வயசுக்காரிக்கு இருபத்திரெண்டு வயசு நெத்தி," என்றாள் ரூத்தா.

"அட, விடுக்கா. பாக்கறவங்க சந்தோஷப்படறாங்கல்ல."

முதல் வரிசை முதல் நாற்காலியில் அப்பா காஸிஸ் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பெட்டியில் அம்மாவின் முகம் நேராகத் தெரியும். அவர் பூவளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாடாவிலும் எழுதியிருந்த பெயரை நிதானமாக வாசித்தார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

நான்கு மணிக்கு, ஊரார் வந்து முகம் பார்க்கிற பிற்பகல் நேரம் முடிந்தது. மறுபடி ஏழு மணிக்குத்தான். இடையில் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மேசை நிறைய ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள்: பன்றித்தொடைத் துண்டுகள், கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கைத் துருவி வேகவைத்த மூன்று தட்டு குகெலிஸ். சாவு வீட்டில் பசி இருக்காது என்று யாரும் நம்புவதில்லை. வித்தாஸும் நம்பவில்லை, நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டான்.

அப்பா கோட்டைக் கழற்றிவிட்டு, கையை மடித்து, பாத்திரம் கழுவப் போனார். தெருவிலேயே பாத்திரம் கழுவுகிற ஒரே ஆண்பிள்ளை என்று அவருக்குப் பெயர். மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் காட்டிக் காட்டிப் பேசுவார்கள். ரூத்தா மட்டும் ஒருநாளும் அதைப் பாராட்டியதில்லை. அவர் எந்த நாளிலிருந்து கழுவத் தொடங்கினார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏழு மணிக்கு முன்னாடி பிரானாஸ் அண்ணன்கிட்ட சொல்லி அந்த மெழுகை எடுத்துடணும்," என்றாள்.

வித்தாஸ் மெல்லுவதை நிறுத்தினான். "உனக்கென்ன பைத்தியமா? மத்தியானம் ஒரு நெத்தி, சாயங்காலம் ஒரு நெத்தியா? ஸ்டாசே அத்தை வேற ஸ்க்ரான்டன்லேர்ந்து பஸ் ஏறி வர்றாங்க. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அம்மாவைப் பாக்கப் போறாங்க. அழகாப் பாத்துட்டுப் போகட்டுமே. ஐஸ்ல வழுக்கி விழுந்த தழும்பு. அதுக்குப் போயி..."

"அது ஐஸ் இல்ல, வித்தாஸ்."

குழாய் நின்றது.

அப்பா திரும்பவில்லை. கையில் ஒரு தட்டு. அதிலிருந்து நுரை வழிந்து தொட்டிக்குள் சொட்டியது. சட்டைக்குள் அவருடைய தோள்பட்டை எலும்புகள் இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. எழுபத்திரண்டு வயசு. ரூத்தாவுக்கு ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"ஐஸ் இல்லன்னா வேற என்ன?" என்றான் வித்தாஸ்.

வாயைத் திறந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"ஒண்ணுமில்ல."

குழாய் மறுபடி ஓடியது. ரூத்தா கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஐஸ் கதையைக் கட்டியதே அவள்தான். அதுதான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து பிப்ரவரி. அவளுக்குப் பத்து வயசு, வித்தாஸ் தொட்டிலை விட்டு இறங்கியிருந்த சமயம். அம்மா ஆற்றோரத்து அச்சகத்தில் திருத்தக்காரியாக இருந்தாள். அச்சகம் அதுவரை பேய்க்கதைப் படப் புத்தகங்களாக அடித்துத் தள்ளியிருந்தது: ஒரு புத்தகத்துக்கு நாலு கதை, நாலு பிணம். அந்த வருஷம் புது விதிகள் வந்துவிட்டன. ரத்தம் கூடாது, காயம் கூடாது, செத்தவர்கள் எழுந்து வரக் கூடாது. முதலாளிக்குப் பழைய கதைகளை வீணாக்க மனசில்லை. எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி அச்சடிக்கச் சொன்னார். சுத்தம் செய்தது அம்மா. மெல்லிய தூரிகையும் கெட்டி வெள்ளைப் பெயிண்டும் வைத்துக்கொண்டு கத்தியை மறைப்பாள், வழியும் ரத்தத்தை மறைப்பாள், பிணத்தின் திறந்த கண்ணுக்கு இமை போட்டு மூடுவாள். மறைத்த இடத்தில் புதுக் கோடு இழுத்து ஒட்டுத் தெரியாமல் செய்வாள். வேலை மிஞ்சினால் பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் பரப்புவாள்.

பித்தளை ஆலையில் அப்பாவுக்கு மூன்று மாசமாக வேலை இல்லை. அன்று சாயங்காலம் அவர் உள்ளே வந்தபோது மேசையில் சாப்பாடு இல்லை, பிணங்கள் இருந்தன. "இந்தக் கண்றாவியிலதான் இனிமே என் வீட்டுல சோறு வேகணுமா?" என்று கேட்டார். அம்மா தலை நிமிராமல், "வேகுதுல்ல?" என்றாள். அவர் கைக்கு எட்டியது பெயிண்ட் புட்டி. கெட்டிக் கண்ணாடி. அம்மாவின் முகத்தில் வெள்ளையும் சிவப்புமாக வழிந்ததை ரூத்தா கதவோரம் நின்று பார்த்தாள். பக்கங்களில் பட்டுவிடக் கூடாதென்று அம்மா முதலில் செய்தது, முகத்தை மேசையிலிருந்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதுதான்.

மறுநாள் காலை மரியோனா வாசலில் நிறுத்தி, "உங்கம்மாவுக்கு என்னடி தலையில கட்டு?" என்று கேட்டாள். "கோயில் படியில ஐஸ்ல வழுக்கிட்டாங்க," என்றாள் ரூத்தா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அம்மா உள்ளே நின்று கேட்டாள், மறுக்கவில்லை. சாயங்காலம் அப்பாவும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வருத்தப்பட்டு, கோயில் படிகளில் ஐஸ் உருக உப்புப் போட ஆள் வைத்தார். இன்றுவரை குளிர்காலம் தொடங்கியதும் யாராவது ஒரு வாளி உப்போடு வந்துவிடுகிறார்கள்.

அப்பா அதற்குப் பிறகு யார்மீதும் கை ஓங்கவில்லை. அன்று இரவிலிருந்து பாத்திரம் கழுவத் தொடங்கினார். அம்மா அவரை மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் உண்டு: தழும்பை அவள் மறைக்கவில்லை. தலைமுடியை இடது பக்கம் இழுத்துவிட்டால் போதும், அதைக்கூடச் செய்யாமல் வலது பக்கமே வாரினாள். ரூத்தா தன் முதல் சம்பளத்தில் ஒரு முகப்பவுடர் டப்பா வாங்கிவந்து கொடுத்தபோது, திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"நாள் பூரா பூசிட்டுத்தானேடி வர்றேன். வீட்டுலயும் பூசணுமா?"

மாடியில் அம்மாவின் அலமாரிக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. ரூத்தா தரையில் உட்கார்ந்து, முதலில் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். கலிபோர்னியாவிலிருந்து ஒரு பதிப்பாளர், அச்சகத்தின் பழைய சம்பளப் பதிவேட்டில் அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்து, மூன்று வாரம் முன்னால் எழுதியது. பழைய பேய்க்கதைகளையெல்லாம் கெட்டி அட்டையில் தொகுத்துப் போடுகிறாராம். முதல் அச்சு இடப்பக்கம், சுத்தம் செய்த மறு அச்சு வலப்பக்கம் என்று எதிரெதிராக வைக்கப் போகிறாராம். எழுதியிருந்தார்:

"இரண்டையும் ஒப்பிட்டதில் பதினோரு கதைகளில் ஒரு விஷயம் தென்பட்டது. முதல் அச்சில் இல்லாத ஒரு கோடு, மறு அச்சில் ஒரு பெண்ணின் நெற்றியில், எப்போதும் இடது பக்கத்தில் இருக்கிறது. அச்சுத் தகட்டில் விழுந்த கீறலாக இருக்கலாம். புதிய பதிப்பில் அவற்றை அழித்துச் சுத்தம் செய்ய உத்தேசம். தங்களுக்கு மறுப்பு இல்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை. இம்மாத இறுதியில் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன."

ஆஸ்பத்திரியில் அவள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "பதினொண்ணா? சரியா எண்ணல அவன். பதினாலு," என்றாள். பதில் எழுதணுமா என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். மருந்து மயக்கத்தில் சொல்கிறாள் என்று ரூத்தா நினைத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் புத்தகங்கள் ஜோடி ஜோடியாக நூலால் கட்டியிருந்தன. பழைய அச்சும் புது அச்சும். அவள் சின்ன வயசில் தொடக்கூட அனுமதி இல்லாத சரக்கு. முதல் கட்டைப் பிரித்தாள். பனிக்கட்டிக் கிடங்குக்காரன் ஒருவன் மனைவியைக் குத்திப் பனிப்பாளங்களுக்கு நடுவே புதைக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் சொட்டச் சொட்டக் கதவைத் தட்டுகிறாள். இது பழைய அச்சு. மறு அச்சில் மனைவி சாகவே இல்லை, கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறாளாம். கத்தியை அம்மா அழித்திருந்தாள். கத்தி போனதும் அவன் வெறும் கையை மனைவிமேல் ஓங்கிக்கொண்டு நின்றான். விதிகளின்படி அதில் தவறில்லை.

ரூத்தா கடைசிப் படக்கட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். கதவைத் தட்டி நிற்கும் மனைவியின் முகம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஒரு சொட்டு நீர்கூட இல்லை. இடது புருவத்துக்கு மேலே மட்டும் ஒரு சின்னச் சாய்வுக் கோடு, மயிரிழை மாதிரி. அவசரமாகப் பார்க்கிறவன் முடிக்கற்றை என்று விட்டுவிடுவான். பழைய அச்சில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அடுத்த கட்டு. கடல்மாலுமியின் விதவை. இடது புருவம். அடுத்தது, பொம்மை செய்கிறவனின் மகள். அடுத்தது, கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பெயரில்லாத ஒரு பெண், கட்டைவிரல் நகம் அளவு முகம். அதிலும் இருந்தது. காயங்களை அழிக்கச் சம்பளம் வாங்கியவள், விதிகளைப் போட்ட வாரியத்தின் கண்ணையும் முதலாளியின் கண்ணையும் ஏய்த்து, ஊர் ஊராகக் கடையில் தொங்கப்போகும் புத்தகத்தில் காயத்தை எழுதி வைத்திருந்தாள். ரூத்தா ஜோடிகளை எண்ணினாள். பதினான்கு.

மகள் ஒரு பொய் சொல்லி அப்பாவைக் காப்பாற்றினாள், அம்மா அந்தப் பொய்யை மகளுக்காக விட்டுவைத்தாள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருதடவைகூட ஒத்துக்கொள்ளவில்லை. ரூத்தா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

ஆறேகாலுக்கு பிரானாஸின் பின்கதவைத் தட்டினாள். பிரானாஸ் கையில் காப்பியோடு திறந்தார். அவருக்கும் கிட்டத்தட்ட அவள் வயசுதான் இருக்கும். ஒரே பள்ளிக்கூடம், ரெண்டு வகுப்பு மேலே.

"அம்மா நெத்தியில இருக்கறதை எடுத்துடணும் அண்ணே."

"எது, அந்தத் தழும்புக்கு வெச்சதா? நல்லாத்தானே இருக்கு ரூத்தா? அரைநாள் வேலை அது."

"வேலையில குத்தமில்ல."

அவர் யோசித்தார். "உங்கப்பா சொல்லணும். புருஷன் இருக்கறப்போ புருஷன் வார்த்தைதான் எனக்கு."

"வெக்கச் சொன்னது அவரா?"

"வித்தாஸ் சொன்னான். உங்கப்பா ஒண்ணும் சொல்லல. காலையில தனியா வந்தாரு. அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் போயி உக்காந்துட்டாரு. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான் சரியாச்சு," என்றாள் ரூத்தா.

பிரானாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் தொழிலில் உடம்புகள் நிறையச் சொல்லியிருக்கும். அலமாரியைத் திறந்து ஒரு டப்பா களிம்பையும் பஞ்சையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் போயி பூக்காரனுக்கு போன் பண்ணணும். பத்து நிமிஷம் ஆகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெழுகு எளிதில் வரவில்லை. அம்மா பூசியிருந்தால் இதைவிடச் சுத்தமாகப் பூசியிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்தாள். முதலில் கீழ்நுனி, பிறகு நடு, பிறகு புருவத்தைத் தொடும் இடம். வெளிறிய, கொஞ்சம் பள்ளமான கோடு. சீப்பை எடுத்து முடியை வலது பக்கமாக வாரிவிட்டாள். அழுக்குப் பஞ்சைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வித்தாஸ், ஸ்டாசே அத்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். எழுபத்தொன்பது வயசு, கையில் தடி, தொண்டையில் மட்டும் முப்பது வயசு. பின்னால் அப்பா. வித்தாஸ் பெட்டியைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. "அக்கா," என்று பல்லுக்குள் சொன்னான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அத்தை ஏற்கனவே முழங்கால் பலகையில் இறங்கியிருந்தாள்.

அத்தை சிலுவை போட்டாள். முணுமுணுத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து பார்த்தாள்.

"டேய் காஸிஸ், இங்க வாடா. இது என்னடா இவ நெத்தியில? கல்யாணத்துக்கு நான்தானே இவளுக்குத் தலை சீவி விட்டேன். அப்ப இல்லையே."

"அது வந்து அத்தை, ஐஸ்ல..." என்று தொடங்கினான் வித்தாஸ்.

"உன்னையாடா கேட்டேன்? நீ அப்போ பொறக்கவே இல்ல. இவனைக் கேக்கறேன்."

வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. ரூத்தா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இவர் ஐஸ் என்று சொன்னால் நான் பேசிவிடுவேன் என்று முடிவு செய்தாள். அத்தனை பேர் முன்னாலும் பேசிவிடுவேன். அந்தப் பொய் என்னுடையது, திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அப்பா அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். அன்று பிற்பகல் முழுக்கப் பார்க்காத பார்வை.

"ஐஸ் இல்லக்கா," என்றார்.

வலது கையில் இருந்த தொப்பியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம அப்பன் அவன் கையைத் தவிர உனக்கு வேற ஒண்ணும் வெச்சுட்டுப் போகலையேடா," என்றாள்.

அப்பா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அத்தை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டாள். அந்த நாற்காலியில் ஒன்பது மணிவரை யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் முழங்காலிட்டார்கள், பார்த்தார்கள், அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். மரியோனா மட்டும் பெட்டிக்கு முன்னால் நின்று, "ஆங், இப்பதான் ஓனா," என்றாள். அப்பா பூவளையங்களைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வித்தாஸ் அக்காவைச் சுவரோரம் இழுத்துப் போனான். அவன் கண் கலங்கியிருந்தது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஐஸ்னு முதல்ல சொன்னதே நான்தான்டா."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை.

வாசலில் வருகைப் பதிவேடும், சங்கிலி கட்டிய பேனாவும் இருந்தன. ரூத்தா அங்கே போய்க் கடிதத்தைப் பிரித்தாள். சங்கிலி எட்டவில்லை, கடிதத்தைப் பேனாவின் பக்கம் நகர்த்தி, அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: "மறுப்பு இருக்கிறது. அவை கீறல்கள் அல்ல. பதினொன்று அல்ல, பதினான்கு. விட்டுப்போன மூன்றையும் தேடிப் போடுங்கள்." கீழே தன் பெயரை எழுதப் போனவள் நிறுத்தி, 'ஓனா ரிம்கஸ், திருத்தம்' என்று எழுதினாள். அந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சானதில்லை.

"பேரு எழுத இவ்ளோ நேரமாடி?" என்றாள் பேனாவுக்காகக் காத்திருந்த மரியோனா.

மறுநாள் காலை கோயில் முனையில் இருந்த தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு ரூத்தா ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டாள். அந்த வருஷத்தின் பனி இன்னும் விழவில்லை. இருந்தாலும் கோயில் படிகளில் யாரோ விடியற்காலையிலேயே தாராளமாக உப்பைத் தூவியிருந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் ஏறினார்கள். பின்னால் போன அப்பா முதல் படியில் காலை வைத்தார். அடியில் உப்பு நெறுநெறுத்தது. நின்றார். குனிந்து, ஒரு சிட்டிகை உப்பை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போடாமலே மேலே ஏறிப் போனார்.